குறை எண்ணால் வகுத்தால் குறி ஏன் திரும்புது? அசமன்பாடு, எண்கோடு சந்தேகங்கள்

டியூஷன் மிஸ் (தண்டையார்பேட்டை)

8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு சாயங்காலம் கணக்கு எடுக்கிறேன். 11-ஆம் வகுப்புல சில பேரும் இருக்காங்க. சமன்பாடு கொடுத்தா எல்லாரும் போட்டுடுறாங்க. அதே கணக்குல ‘=’ இருக்கிற இடத்துல ‘<’ வச்சா சறுக்குது. (கைபேசியில தமிழ் விசைப்பலகைதான், அதனால எக்ஸ் வரவேண்டிய இடத்துல ‘க’ போட்டிருக்கேன்.)

நோட்டுல திரும்பத் திரும்ப வர்ற தப்பு இதெல்லாம்:

1) −3க + 7 < 19. −3க < 12 வரைக்கும் சரி. அடுத்த வரி க < −4.
2) 4க ≥ −20. “மைனஸ் இருக்கு, திருப்பணும்”னு க ≤ −5.
3) 5 > க. எண்கோட்டுல 5-லேருந்து வலப்பக்கமா அம்பு.
4) −5 < 3 − 2க ≤ 9. கடைசி வரியில ரெண்டு குறியில ஒண்ணை மட்டும் திருப்புறாங்க.
5) ‘க ஓர் இயல் எண்’னு கொடுத்திருந்தாலும் கோட்டை முழுசா பட்டை அடிக்கிறாங்க.

விதியைக் கேட்டா எல்லாரும் ஒப்பிக்கிறாங்க. போடும்போதுதான் வரலை. எப்படிச் சொன்னா புரியும்? எண்கோடு எப்படி வரைஞ்சா மார்க் போகாது?

———

கணக்கு வாத்தியார் (வியாசர்பாடி)

விதியை ஒப்பிக்க வைத்தால் இப்படித்தான் ஆகும், அம்மா. திரும்புவதைக் கண்ணால் பார்க்க வையுங்கள்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பாதையையே எண்கோடாகப் போடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஸ்டேஷன் வரிசை தெரிந்திருக்கும். தண்டையார்பேட்டை 0. வடக்கே வ.உ.சி. நகர் 1, திருவொற்றியூர் 2, விம்கோ நகர் 3. தெற்கே கொருக்குப்பேட்டை −1, பேசின் பிரிட்ஜ் −2, சென்ட்ரல் −3. ஸ்டேஷன்களுக்கு நடுவில் தூரம் சமமாக இல்லை. இங்கே வரிசை மட்டும் போதும். எது எண்ணூர்ப் பக்கம் (வடக்கே) இருக்கிறதோ அது பெரிய எண்.

2 > 1, அதாவது வ.உ.சி. நகரைத் தாண்டித்தான் திருவொற்றியூர். இரண்டிலும் 3 கழியுங்கள்: −1, −2. இரண்டும் தெற்கே மூன்று ஸ்டேஷன் நகர்ந்தன, ஆனால் எது எண்ணூர்ப் பக்கம் என்பது மாறவில்லை. கூட்டினாலும் கழித்தாலும் குறி திரும்பாது. விடை குறை எண்ணாக வந்தாலும் திரும்பாது.

இப்போது 2, 1 இரண்டையும் −1ஆல் பெருக்குங்கள். திருவொற்றியூர் போய் பேசின் பிரிட்ஜில் விழுகிறது, வ.உ.சி. நகர் போய் கொருக்குப்பேட்டையில் விழுகிறது. தண்டையார்பேட்டையில் மடித்த மாதிரி மொத்தப் பாதையும் புரண்டுவிட்டது. முன்னால் இருந்தது பின்னால் போய்விட்டது: −2 < −1. குறி திரும்புவது இதனால்தான். −3ஆல் வகுப்பது என்றால் 3ஆல் வகுத்துச் சுருக்கி, பிறகு இதே மாதிரி மடிப்பது. சுருக்கினால் வரிசை மாறாது, மடித்தால் மாறும்.

உங்கள் 2-ஆவது தப்புக்கு வேறு காரணம் உண்டு. “அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்று சமன்பாட்டில் சொல்லிக் கொடுத்தோம். அங்கே குறி என்றது + −ஐ. அசமன்பாட்டில் “குறி மாறும்” என்றால் < >. பிள்ளை இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறது. அதனால் ‘அந்தப் பக்கம் கொண்டுபோ’ என்கிற பேச்சையே இந்தப் பாடத்தில் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் வலது ஓரத்தில் என்ன செய்தோம் என்று எழுதச் சொல்லுங்கள்:

−3க + 7 < 19
−3க < 12 . . . . (−7)
க > −4 . . . . ÷(−3), திருப்பு

4க ≥ −20
க ≥ −5 . . . . ÷4, திருப்பாதே

ஓரத்தில் ÷ அல்லது ×க்குப் பக்கத்தில் குறை எண் இருந்தால் மட்டும் திருப்பு. −20 குறை எண்ணாக இருப்பதற்கும் திருப்புவதற்கும் சம்பந்தமே இல்லை. நாம் வகுத்தது 4ஆல். முதல் வரியில் ஓரத்தில் (−7) இருக்கிறதே என்று ஒருவன் கேட்பான். அது கழித்தல், வெறும் நகர்வு.

———

லோகோ ஒர்க்ஸ் பக்கம் (பெரம்பூர்)

சார் சொன்ன விளக்கம் நல்லா இருக்கு. ஆனா பரீட்சையில தடுமாறுற பிள்ளைக்கு நான் திருப்பவே விட மாட்டேன். மாறியோட கெழு மிகை எண்ணா வர்ற மாதிரி சேர்த்துட்டாப் போச்சு:

−3க + 7 < 19
7 < 19 + 3க . . . . (+3க)
−12 < 3க . . . . (−19)
−4 < க . . . . ÷3

எங்கயும் திருப்பலை. இதுல ஒரே ஆபத்து கடைசி வரியை இடம் மாத்தி எழுதுறது. −4 < க-வை எடுத்து க < −4-னு எழுதிட்டா மொத்தமும் போச்சு. குறியோட விரிஞ்ச வாய் க பக்கம் இருந்துச்சுன்னா, எழுதி முடிச்ச பிறகும் க பக்கமே இருக்கணும். மேடம் சொன்ன 3-ஆவது தப்பும் இதேதான். 5 > க-ல கூர்முனை வலப்பக்கம் பாக்குது, பிள்ளை அதை அம்புக்குறின்னு நினைச்சுக்குது. மாறியை இடப்பக்கம் கொண்டு வந்து (க < 5) எழுதுன பிறகுதான் எண்கோட்டுல கை வைக்கணும்னு கட்டாயம் போடுங்க. மாறி இடப்பக்கம் வந்துட்டா குறி பாக்குற பக்கமும் அம்பு போற பக்கமும் ஒண்ணாயிடும். இந்த < > ரெண்டும் தாமஸ் ஹாரியட் எழுதி 1631-ல அச்சான புத்தகத்துல வந்தது, அவர் இறந்து பத்து வருஷம் கழிச்சு. எண்கோட்டுல அம்பு காட்டுறதுக்காக வந்த குறி இல்ல அது.

அடுத்தது சரிபார்க்கிறது. “0 போட்டுப் பாரு”ன்னு மட்டும் சொல்லித் தர்றாங்க, அது பத்தாது. தப்பு ரெண்டு விதம்: எல்லை எண் தப்பா இருக்கலாம், திசை தப்பா இருக்கலாம். ரெண்டுக்கும் தனித்தனியா சோதனை வேணும்.

எல்லை: விடையில வந்த எண்ணை முதல் வரியில போடு. −3(−4) + 7 = 19. ரெண்டு பக்கமும் சமமா வந்தா எல்லை சரி.
திசை: எல்லையில இல்லாத ஒரு எண்ணைப் போடு, 0 சுலபம். 7 < 19 உண்மை, அப்போ 0 தீர்வுக்குள்ள இருக்கணும். க > −4-ல 0 இருக்கு, சரி. க < −4-ல இல்ல, தப்பு.

பிள்ளை கூட்டல்ல தடுமாறி க > −3-னு போட்டிருந்தா 0 சோதனை பாஸ் ஆயிடும். எல்லைச் சோதனைதான் அதைப் பிடிக்கும். எல்லையே 0-ஆ வந்துட்டா திசைக்கு 1 போட்டுப் பாருங்க.

———

ஸ்கேல் பென்சில் (காலடிப்பேட்டை)

எண்கோடு வரைவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான்.

கட்டம் போட்ட நோட்டு என்றால் இரண்டு கட்டத்துக்கு ஓர் அலகு, வெறும் தாள் என்றால் 1 செ.மீ.க்கு ஓர் அலகு. இடைவெளி சமமாக இருக்க வேண்டும். கோட்டின் இரண்டு முனையிலும் அம்பு. எல்லை எண்ணுக்கு இரு பக்கமும் குறைந்தது மூன்று எண்களாவது குறியுங்கள். 0 எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதலில் வட்டம், பிறகுதான் பட்டை. < அல்லது > என்றால் உள்ளே வெறுமையான வட்டம். ≤ அல்லது ≥ என்றால் நிரப்பிய வட்டம். பட்டையை எண்கோட்டின் மேலேயே அழுத்தி அடித்தால் வட்டத்துக்குள் பென்சில் போய், திறந்த வட்டம் மூடிய வட்டமாகத் தெரியும். திருத்துகிறவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். எண்கோட்டுக்கு 3, 4 மி.மீ. மேலே தனியாகக் கோடு இழுத்து, வட்டத்தையும் அந்தக் கோட்டின் முனையில் போடுங்கள்:

க > −4 : −4 ○━━━━━▶
க ≤ 3 : ◀━━━━━● 3

எல்லை பின்னமாக வந்தால் முதலில் கலப்பு பின்னம் ஆக்குங்கள். 7/3 என்றால் 2⅓. 2க்கும் 3க்கும் நடுவே உள்ள இடத்தை மூன்றாகப் பிரித்து முதல் பிரிவில் வட்டம். −7/3 என்றால் −2இலிருந்து இடப்பக்கம் எண்ண வேண்டும். −2க்கும் −1க்கும் நடுவே வைக்கிற பிள்ளைகள் ஏராளம்.

4-ஆவது கணக்கு:

−5 < 3 − 2க ≤ 9
−8 < −2க ≤ 6 . . . . மூன்று இடத்திலும் (−3)
4 > க ≥ −3 . . . . மூன்று இடத்திலும் ÷(−2), இரண்டையும் திருப்பு
−3 ≤ க < 4

ஒன்றை மட்டும் திருப்பினால் 4 > க ≤ −3 என்று வரும். ஒரே வரியில் இரண்டு குறிகளும் எதிரெதிர்ப் பக்கம் திறந்திருந்தால் அந்த வரி தப்பு, மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். கடைசி வரியில் சிறிய எண்ணை இடப்பக்கம் வைத்து எழுதினால் எண்கோட்டில் இருப்பதுபோலவே அமையும்: −3இல் நிரப்பிய வட்டம், 4இல் திறந்த வட்டம், நடுவில் பட்டை, அம்பு கிடையாது. சரிபார்ப்பு: −3 போட்டால் 3 + 6 = 9, 9 ≤ 9 உண்மை. 4 போட்டால் 3 − 8 = −5, −5 < −5 பொய். ஆக 4 சேராது.

5-ஆவது தப்புக்கு: கணக்கைத் தொடங்கும்போதே ‘க எந்த எண்?’ என்று மேலே எழுத வையுங்கள். 3க − 4 ≤ 8 என்றால் க ≤ 4 வரை எல்லோருக்கும் ஒன்றுதான். அதன் பிறகு:

மெய்யெண் என்றால் 4இல் நிரப்பிய வட்டம், இடப்பக்கம் பட்டை, அம்பு.
இயல் எண் என்றால் 1, 2, 3, 4இல் நான்கு புள்ளிகள் மட்டும்.
முழு எண் என்றால் 0-வும் சேர்ந்து ஐந்து புள்ளிகள்.
முழுக்கள் என்றால் 4, 3, 2, 1, 0, −1, −2 என்று புள்ளிகள் போட்டு, இடப்பக்கம் ‘. . .’ வையுங்கள். தொடர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

முழு எண்களையும் முழுக்களையும் குழப்பிக்கொள்வது தனி வியாதி. புள்ளி போட வேண்டிய இடத்தில் திறந்த வட்டம் எதற்கும் வராது. முழுக்களில் க < 4 என்றால் 3இலிருந்து புள்ளி வையுங்கள், 4ஐத் தொட வேண்டாம்.

———

டியூஷன் மிஸ் (தண்டையார்பேட்டை)

ஓரத்துல எழுதுற முறையை இன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். எல்லாருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு இடம் பாக்கி: பின்னம் வர்ற கணக்கு, வார்த்தைக் கணக்கு.

———

கணக்கு வாத்தியார் (வியாசர்பாடி)

பின்னத்துக்கு ஒரு மாதிரி:

(க − 1)/3 − (2க + 1)/4 ≥ 1/2

3, 4, 2-இன் மீ.பொ.ம. 12. மூன்று உறுப்பையும் 12ஆல் பெருக்க வேண்டும். 12 மிகை எண், திருப்ப வேண்டாம்.

4(க − 1) − 3(2க + 1) ≥ 6
4க − 4 − 6க − 3 ≥ 6
−2க − 7 ≥ 6
−2க ≥ 13 . . . . (+7)
க ≤ −6.5 . . . . ÷(−2), திருப்பு

விபத்து நடக்கிற இடம் இரண்டாவது வரி. −3(2க + 1)ஐ −6க + 3 என்று விரிப்பார்கள். தொகுதியில் இரண்டு உறுப்பு இருந்தால் பெருக்குவதற்கு முன்பே அடைப்புக்குறி போட்டாக வேண்டும். வலப்பக்க 1/2ஐப் பெருக்க மறப்பது அடுத்தது. எல்லைச் சோதனை இரண்டையும் காட்டிக்கொடுக்கும்: −7.5/3 = −2.5, −12/4 = −3, −2.5 + 3 = 0.5. சரி.

சிலதில் மாறியே காணாமல் போகும். 2(க + 3) > 2க + 1 சுருக்கினால் 6 > 1. எப்போதும் உண்மை, ஆகவே எல்லா மெய்யெண்ணும் தீர்வு, எண்கோடு முழுக்கப் பட்டை. 3க − 2 ≥ 3க + 4 சுருக்கினால் −2 ≥ 4. எப்போதும் பொய், தீர்வு இல்லை, வெறும் கோடு. பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் ‘க = 0’ என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

———

எம்.சி. ரோடு (பழைய வண்ணாரப்பேட்டை)

வார்த்தைக் கணக்குக்கு வர்றேன். முதல்ல சொல்லைக் குறியா மாத்துறது. ‘50க்கு மிகாமல்’, ‘அதிகபட்சம் 50’ ரெண்டும் ≤ 50. ‘50க்குக் குறையாமல்’, ‘குறைந்தது 50’ ரெண்டும் ≥ 50. ‘குறை’ன்னு கண்ணுல பட்டதும் < போட்டுடுறாங்க. 50-ஐயே வச்சுக் கேளுங்க: “சரியா 50 இருந்தா ஒத்துக்குவாங்களா?” ஆமான்னா அடியில கோடு உண்டு.

கையில ரூ.2,000. ரூ.650-க்கு ஒரு பேன்ட், மீதிக்கு ரூ.280 சட்டைன்னா எத்தனை சட்டை?

650 + 280ச ≤ 2000
280ச ≤ 1350
ச ≤ 4.82...

சட்டையை அறுத்து வாங்க முடியாது. 4.82-ஐ 5-ஆக்குனா ரூ.2,050 ஆயிடும், கடைக்காரர் விட மாட்டார். விடை: அதிகபட்சம் 4. எண்கோட்டுல 0, 1, 2, 3, 4 புள்ளி.

இதுக்கு நேர் எதிர்: ஒரு வண்டியில 7 பேர் உட்காரலாம், 45 பேர் போகணும். 7வ ≥ 45, வ ≥ 6.42... இங்க 6-ஆக்குனா 3 பேர் ரோட்டுல நிப்பாங்க, 7 வண்டி வேணும். ‘.5-க்கு மேல போனா கூட்டு’ங்கிற பழக்கம் ரெண்டு இடத்துலயும் தப்பா முடியும். ≤ வந்தா கீழ இருக்கிற முழு எண், ≥ வந்தா மேல இருக்கிற முழு எண்.

பின்னமா விடை வர்றதுக்கு ஆட்டோ கட்டணம் நல்ல கணக்கு. 2013-ல அரசு நிர்ணயிச்சது முதல் 1.8 கி.மீ.க்கு ரூ.25, அதுக்கு மேல கி.மீ.க்கு ரூ.12. அந்தக் கணக்குல ரூ.100-க்கு எவ்வளவு தூரம்? (மீட்டர் போட்டு ஓட்டுறவர் கிடைச்சதா வச்சுக்குவோம்.)

25 + 12(த − 1.8) ≤ 100
12(த − 1.8) ≤ 75
த − 1.8 ≤ 6.25
த ≤ 8.05

1.8-ஐக் கழிக்க மறந்து 25 + 12த-ன்னு போட்டா 6.25-னு வரும். முதல் 1.8 கி.மீ.க்கு ரெண்டு தடவை காசு கட்டுன கதை. வரையும்போது இடப்பக்கம் அம்பு போடாதீங்க: தூரம் குறை எண்ணா இருக்காது, 0 < த ≤ 8.05. 0-ல திறந்த வட்டம், 8-ஐ ஒட்டி வலப்பக்கம் நிரப்புன வட்டம். 0.05 ஸ்கேல்ல வராது, வட்டத்துக்குப் பக்கத்துல 8.05-னு எழுதிடுங்க.

———

பதினொன்றாம் வகுப்பு கணிதம் (ராயபுரம்)

மிஸ், 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் மூன்று விஷயம்.

மாறியால் பெருக்கவோ வகுக்கவோ கூடாது. 6/க < 2 என்பதைக் கவால் பெருக்கி 6 < 2க, க > 3 என்று முடித்துவிடுவார்கள். க குறை எண்ணா மிகை எண்ணா என்றே தெரியாதபோது, திருப்புவதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது? இரண்டாகப் பிரிக்க வேண்டும். க > 0 என்றால் 6 < 2க, அதாவது க > 3. க < 0 என்றால் திரும்பும்: 6 > 2க, க < 3, ஆனால் நாம் எடுத்ததே க < 0, ஆகவே க < 0. விடை க < 0 அல்லது க > 3. −1 போட்டுப் பாருங்கள்: −6 < 2, உண்மை. முதல் முறையில் இந்தப் பாதி முழுக்கத் தொலைந்துவிடுகிறது. பிரிக்க விருப்பமில்லை என்றால் க²ஆல் பெருக்கலாம், அது எப்போதும் மிகை.

‘அல்லது’ வருகிற விடையை ஒரே வரியில் நெருக்கக் கூடாது. 3 < க < 0 என்று எழுதினால் 3ஐவிடப் பெரிதாகவும் 0-வைவிடச் சிறிதாகவும் ஓர் எண் வேண்டும் என்று பொருள். அப்படி எண் கிடையாது. இடைவெளிக் குறியீட்டில் (−∞, 0) ∪ (3, ∞). முடிவிலிப் பக்கம் எப்போதும் வளைந்த அடைப்புதான். முடிவிலிப் பக்கம் சதுர அடைப்பு போட்டு மார்க் இழக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் உண்டு.

மட்டு மதிப்பு: |2க − 3| ≤ 5 என்றால் −5 ≤ 2க − 3 ≤ 5, அதிலிருந்து −1 ≤ க ≤ 4. இதையே 2ஆல் வகுத்து |க − 1.5| ≤ 2.5 என்று எழுதினால், 1.5இலிருந்து இரு பக்கமும் 2.5 அலகு தள்ளிப் போகலாம் என்று எண்கோட்டிலேயே விடை தெரியும். குறி > ஆனால் வெளிப்பக்கம்: க < −1 அல்லது க > 4. வலப்பக்கம் குறை எண் இருந்தால் கணக்கே போட வேண்டாம். |2க − 3| < −2க்குத் தீர்வு இல்லை. |2க − 3| > −2க்கு எல்லா மெய்யெண்ணும் தீர்வு.

———

டியூஷன் மிஸ் (தண்டையார்பேட்டை)

6/க < 2-க்கு 0-ல என்ன வட்டம் சார்? அதே கணக்கு ≤-ஆ இருந்தா நிரப்பலாமா?

———

பதினொன்றாம் வகுப்பு கணிதம் (ராயபுரம்)

இரண்டிலும் 0-வில் திறந்த வட்டம்தான், மிஸ். பகுதியில் 0 வரவே கூடாது. 6/க ≤ 2 என்றால் 3இல் உள்ள வட்டத்தை மட்டும் நிரப்புங்கள்: (−∞, 0) ∪ [3, ∞).